வேப்புக்கு எந்த அடாப்டர்?

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து கூப்பிட்டார். “தம்பி, பையன் ரூம்ல என்னமோ கருகுன வாடை வருது. ஒரு நடை வந்து பாருங்களேன்.” போய்ப் பார்த்தேன். கட்டிலோரச் சாக்கெட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை அடாப்டர். அதன் அடிப்பக்கம் பழுப்பேறி இளகிப்போயிருந்தது. அதிலிருந்து தொங்கிய வயரின் மறுமுனையில், மெத்தையின்மேல், அவர் மகனின் வேப் (மின்சிகரெட்) கிடந்தது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் எதையும் தொட்டேன். வேலை முடிந்து வந்த பையன் கேட்டான்: “என்னா மாமா, போன் சார்ஜரும் இதுவும் ஒன்னுதானே? வயர் நுழைஞ்சா போதாதா?”

அவன் கேட்டதில் பாதி சரி. மறுபாதி தெரியாததால்தான் அந்தச் சாக்கெட் கருகியது. நம் ஊரான கோப்பெங்கிலும் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் தோட்டத்து வீடுகளிலும் இன்று பல வீட்டுச் சுவர்களில் இப்படி ஒன்று மாட்டியிருக்கிறது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வேப் பிடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. உடம்புக்கு வேண்டாத பழக்கம், விட்டுவிடுவதே நல்லது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் மலேசியப் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி (சட்டம் 852), 18 வயது நிரம்பாதவர்களுக்கு அதை விற்பதே குற்றம். ஆனால் பிடிப்பது ஒருவர்தான் என்றாலும், சார்ஜ் ஏறுவது வீட்டார் எல்லாரும் தூங்கும் வீட்டின் சுவரில். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாட்டி படுத்திருக்கிறார், குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. அவர்களுக்காகவாவது இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டு சொற்களைக் கோப்பெங்காரர்களுக்கு விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. நம் ஊர்ப் பழைய ஈயச் சுரங்கங்களே போதும். பெரியவர்கள் லம்பம் என்பார்களே, அவைதாம். மலைமேல் ஓடைகளை மறித்து, பெரிய இரும்புக் குழாய்களில் நீரைக் கீழே இறக்கி, குறுகிய முனை வழியே பீச்சியடித்துக் குன்றையே கரைத்து ஈயமண் எடுத்தார்கள். அந்த நீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியதோ, அதற்கேற்ற அழுத்தம் அதற்கு இருந்தது. மின்சாரத்தில் அந்த அழுத்தத்துக்குத்தான் வோல்ட் என்று பெயர். குழாயில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். குன்றைக் கரைத்த வேகத்தோடு அதே நீரைச் சமையலறைக் குழாய்க்குள் விட்டால் குழாய் பிய்த்துக்கொண்டு போகும். வீட்டுக்கு வருமுன் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும்.

நம் சுவருக்கு வருவது 230 வோல்ட். பேச்சுவழக்கில் 240 என்கிறோம். வேப்புக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி முழுதாக நிறைந்தாலும் 4.2 வோல்ட்தான். அதற்குமேல் ஏற்றினால் கெடும், மேலும் ஏற்றினால் தீப்பிடிக்கும். சுவரில் மாட்டும் அடாப்டரின் வேலை 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தருவது, அவ்வளவுதான். நாம் வாய்ப்பழக்கமாக அதைச் சார்ஜர் என்கிறோம். பிள்ளைகள் மலாயில் கெப்பாலா என்கிறார்கள். உண்மையான சார்ஜர் வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது வரும் வேப்களில் அது கருவிக்கு உள்ளேயே நகக்கண் அளவு சில்லாக (சிப்) இருக்கிறது. 5 வோல்ட்டை வாங்கி, பேட்டரிக்கு அளந்து கொடுத்து, 4.2 வந்ததும் பிடித்து நிறுத்தி, பேட்டரி நிறைந்ததும் ஓட்டத்தை நிறுத்துவது அந்தச் சில்தான்.

அடாப்டர் ஒழுங்காக 5 வோல்ட் தரும்வரை அந்தச் சில் தன் வேலையைச் செய்யும். மட்டமான அடாப்டர் ஐந்தைத் தாண்டித் துள்ளினால் சில் அடிவாங்கும். அடிவாங்கிய சில் சில சமயம் ஒரேயடியாகச் செத்துப்போகும், அது நல்லது. சில சமயம் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, வருவதை அப்படியே பேட்டரிக்குத் திறந்துவிடும். அப்போது 4.2-இல் நிற்க வேண்டியது நிற்காது. அளவுக்குமேல் ஏறிய லித்தியம் பேட்டரி உள்ளே சூடாகும், அந்தச் சூடு மேலும் சூட்டைக் கிளப்பும். அதற்குள் இருக்கும் திரவம் எரியக்கூடியது. ஒரு கட்டத்துக்கு மேல் வயரைப் பிடுங்கினாலும் நிற்காது.

இப்போது ஆம்பியருக்கு வருவோம், பையனின் கேள்வியில் பாதி சரி என்று சொன்னது இங்கேதான். அடாப்டர்மேல் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது 2 ஆம்பியரை வேப்புக்குள் திணிக்காது. கூரைமேல் பெரிய தண்ணீர்த் தொட்டி இருப்பதால் குழாயில் தானாக நீர் கொட்டுவதில்லை, குழாயைத் திறக்கும் அளவுக்குத்தான் வரும். அதுபோல, நல்ல வேப் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், குழாயே பழுதாக இருக்கும்போது பெரிய தொட்டி வீட்டை மூழ்கடிக்கும், சின்னத் தொட்டி தரையை நனைப்பதோடு நிற்கும். வேப் பேட்டரிகள் மிகச் சிறியவை. போன் பேட்டரியின் கொள்ளளவு 4,000, 5,000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) இருக்கும், சின்ன வேப்பில் 400, 500தான். 500 எம்ஏஎச் பேட்டரிக்கு அரை ஆம்பியர் கொடுத்தாலே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் நிறைந்துவிடும். அதற்கு எதற்குப் பெரிய தொட்டி? ஆகவே என் பரிந்துரை இது: வேப்போடு வந்த கையேட்டில் அல்லது அதன் உடம்பில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். எதுவும் எழுதவில்லையென்றால் 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரே போதும். முன்பு போன்களோடு இலவசமாக வந்த 5 வாட் (5 வோல்ட், 1 ஆம்பியர்) சின்ன அடாப்டர் நினைவிருக்கிறதா? அது வீட்டு அலமாரியில் பழுதில்லாமல் கிடந்தால், கடையில் கண்ணைப் பறிக்கும் எதையும்விட அது மேல்.

அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். இன்புட் என்ற வரியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும், அது சுவர்ப்பக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது அவுட்புட் வரி. அதில் வோல்ட்டுக்கு நேராக 5 என்று மட்டும் இருந்தால் எளிய அடாப்டர். 5, 9, 12, 20 என்று அடுக்கியிருந்தால் அது வேகச் சார்ஜர். நல்ல நிறுவனத்தின் வேகச் சார்ஜர், எதிரில் இருக்கும் கருவி கேட்டால்தான் 9-க்கும் 12-க்கும் ஏறும், கேட்கத் தெரியாத வேப்புக்கு 5-தான் தரும். விதி அப்படி. ஆனால் போலிச் சரக்கு எந்த விதிக்கும் கட்டுப்பட்டதல்ல. லேப்டாப்புக்கு வாங்கிய 65 வாட் அடாப்டரில் 500 எம்ஏஎச் வேப்பை மாட்டுவதை நான் செய்யமாட்டேன், யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். இன்னொன்று: இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள வயரில் சில வேப்கள் சார்ஜே ஏறாது. வேப் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஏறவேண்டும் என்று இன்னும் பெரிய அடாப்டரைத் தேடவும் வேண்டாம். ஒரு முனை பழைய தட்டை வடிவமும் மறுமுனை டைப்-சியுமாக உள்ள வயரைப் போட்டால் ஏறும்.

பழைய பேனா வடிவ வேப்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன, இவற்றைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பேட்டரியின் தலையைத் திருகி, குட்டை வயரின் முனையில் மாட்டிச் சார்ஜ் போடும் வகை. இதில் அளந்து கொடுக்கும் சில் பேட்டரிக்குள் இல்லாமல் அந்தக் குட்டை வயரின் தலைக்குள் இருப்பது வழக்கம். திருகாணி பெரும்பாலும் ஒரே அளவு என்பதால் வேறொரு வேப்பின் வயரும் இதில் அச்சாகப் பொருந்தும். பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால், இரண்டிலும் சில் இல்லாமல் 5 வோல்ட் நேராகப் பேட்டரிக்குள் இறங்கக்கூடும். அந்த வயர் தொலைந்தால் அதே நிறுவனத்தின் அதே வகை வயரைத் தேடி வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்தப் பேட்டரியின் காலம் முடிந்தது என்று வைத்துவிடுங்கள்.

சில வேப்களில் கழற்றி மாட்டும் உருளைப் பேட்டரி இருக்கும், அதை 18650 என்பார்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். அதற்குத் தனிச் சார்ஜர் தொட்டிலை வாங்குவதே நல்லது. அந்த அளவுப் பேட்டரியில் பெரும்பாலும் 2,500 முதல் 3,500 எம்ஏஎச்தான் இருக்கும். 9,900 என்று எழுதியிருந்தால் அது பொய். மேலே சுற்றியிருக்கும் மெல்லிய உறை கிழிந்திருந்தால் எந்தச் சார்ஜரிலும் போடாதீர்கள்.

இனி, அடாப்டர் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதன் அருமை புரியும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் அடாப்டருக்குள் நுழைந்ததும் நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறுகிறது. அந்தத் தீப்பெட்டிக்குள் ஒரு பக்கம் 325, மறுபக்கம் 5. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய மின்மாற்றி. இரு பக்கமும் வயரால் தொட்டுக்கொள்ளவே கூடாது, காந்தப்புலம் மட்டும்தான் கடந்து வரலாம். நல்ல அடாப்டரில் இரு பக்கத்துக்கும் இடையே பல மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள், கம்பிச் சுற்றுக்கு அடுக்கடுக்காகக் காப்பு போட்டிருப்பார்கள். போலியில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதுண்டு. ஈரம் படிந்தோ சூட்டில் காப்பு இளகியோ அந்த எல்லை உடைந்தால், சுவரின் 230 வோல்ட் நேராக வயர் வழியே இறங்கும். வேப் என்பது கையில் பிடித்து உதட்டில் வைக்கும் பொருள், பலவற்றுக்கு உடம்பு உலோகம். சார்ஜில் மாட்டியபடியே இழுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் அரசாங்கம் முத்திரை வைத்திருக்கிறது. நம் நாட்டில் அடாப்டரும் சார்ஜரும் சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற்றே விற்கப்பட வேண்டிய பொருட்களைச் சேர்ந்தவை. ஒப்புதல் பெற்றதற்கு அடையாளம் சிரிம் (தரச் சோதனை நிறுவனம்), எஸ்டி (எரிசக்தி ஆணையம்) என்ற இரு பெயரும் தொடர் எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டு. வேப் கருவிக்கான விதி வேறு. 2022 ஆகஸ்ட் 3 முதல், வணிக விவரச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவுப்படி, நம் நாட்டில் விற்கும் வேப் கருவிகள் சிரிம் சோதனைக்குப் போய்த் தரமுத்திரை பெற்றிருக்க வேண்டும். கருவியில் முத்திரை இருக்கிறது என்று அடாப்டரைப் பார்க்காமல் விடக்கூடாது, இரண்டையும் பாருங்கள். வேப்போடு பெட்டிக்குள் அடாப்டர் வருவதே அபூர்வம், வெறும் வயர்தான் வரும். அடாப்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது. பாசார் மாலாமில் ஐந்து, ஆறு வெள்ளிக்குக் குவித்து விற்பவற்றில் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள். கைக்கு மிகவும் லேசாக இருப்பது, எழுத்துகள் கோணலாகவோ பிழையாகவோ இருப்பது, பிளாஸ்டிக் ஓட்டின் இணைப்பு பிளந்திருப்பது, இவையும் வேண்டாம் என்பதற்கான காரணங்கள்.

பின்களையும் பாருங்கள். நம் நாட்டுச் சாக்கெட் பிரிட்டிஷ் முறையிலான மூன்று கட்டைப் பின் வகை. பின்னின் ஓரத்துக்கும் அடாப்டரின் வெளி விளிம்புக்கும் இடையே குறைந்தது 9.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அந்த முறையின் அளவு. விளிம்பு அதைவிட ஒட்டி இருந்தால், கழற்றும்போது விரல் வழுக்கிப் பின்னைத் தொடும்.

இதைவிட நம் வீடுகளில் அதிகம் நடக்கும் ஆபத்து ஒன்று உண்டு. இணையத்தில் வாங்கிய இரண்டு பின் அடாப்டர் மூன்று பின் சாக்கெட்டில் நுழையாது. உடனே ஒரு பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ மேல் ஓட்டையில் குத்தி, உள்ளிருக்கும் தடுப்பை விலக்கி, இரண்டு பின்னையும் திணித்துவிடுவோம். சின்ன வயதில் நானும் பார்த்துப் பழகியதுதான். அந்தத் தடுப்பு குழந்தையின் விரலும் கம்பியும் உள்ளே போகாமல் காக்க வைத்தது. அதை விலக்கித் திணித்த இரண்டு பின்னும் தளர்வாகவே நிற்கும். தளர்வான இடத்தில் பொறி பறக்கும், பொறி பறக்கும் இடம் சூடாகும், சூடான இடம் கருகும். அக்கா வீட்டுச் சாக்கெட் கருகியது இப்படித்தான். பேட்டரிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அந்த அடாப்டர் சுவரோடு சேர்ந்து எரியத் தொடங்கியிருந்தது.

எக்ஸ்டென்ஷன் வயர் பற்றிச் சுருக்கமாக: வேப் இழுக்கும் மின்சாரம் சொற்பம், அதனால் மட்டும் எக்ஸ்டென்ஷன் சூடாகாது. ஆனால் ரைஸ் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் மாட்டிய அதே எக்ஸ்டென்ஷனில் இதையும் மாட்டினால் அந்தச் சூடு அடாப்டருக்கும் ஏறும். தனிச் சுவர்ச் சாக்கெட்டில் போடுங்கள்.

வெளிநாட்டு அனுபவங்களையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை தன் நாட்டில் நடந்த மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளில் 195-ஐத் தொகுத்தது. அவற்றில் 133 நிகழ்வுகளில் காயம் ஏற்பட்டது, 38 கடுமையானவை. 61 சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ நடந்தவை, 60 பிடித்துக்கொண்டிருக்கும்போது, 48 சார்ஜ் ஏறும்போது. அதற்கு முன் 2014-இல் அதே நிர்வாகம் பார்த்த 25 நிகழ்வுகளில் 20 சார்ஜ் ஏறும்போதுதான் நடந்திருந்தன. கருவியோடு வராத அடாப்டரில் மாட்டுவதை ஒரு முக்கியக் காரணமாக அது அப்போதே சுட்டியது. குழாய் வடிவில் இருப்பதால், உள்ளே பேட்டரி வெடித்தால் முனை தெறித்து வாணம்போல் பாயும் என்பதும் அதே ஆய்வில் சொன்னதுதான். 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மெர்சிசைடில் ஒருவர் இறந்தார். மின்சிகரெட் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது, அறையில் அவர் சுவாசத்துக்காக வைத்திருந்த ஆக்சிஜன் கருவி தீயைப் பெருக்கிவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கும் நோயாளி இருந்தால் அந்த அறையில் சார்ஜ் போடவே கூடாது.

எங்கே போடுவது என்றால், டைல்ஸ் அல்லது சிமெண்ட் தரையில், சுற்றிலும் துணியும் காகிதமும் இல்லாத இடத்தில். மெத்தையும் சோபாவும் சூட்டை வெளியே விடாது, தீயையும் உடனே பிடித்துக்கொள்ளும். பழைய தோட்டத்து லயன் வீடுகளில் பலகைச் சுவரும் பலகைத் தரையும் இன்னும் உண்டு. அங்கே இருப்பவர்கள் ஒரு பீங்கான் தட்டின்மேல் வைத்தாவது சார்ஜ் போடுங்கள். தகரக் கூரையின்கீழ் மதிய வெயிலில் வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வெப்ப எல்லை பொதுவாக 45 டிகிரி. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் அதைத் தாண்டிவிடும். மாலையில் மலைப்பக்கம் இடி முழங்கினால் சுவிட்சை அணைத்து அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். கிந்தா பள்ளத்தாக்கின் இடியும் மின்னலும் நமக்குப் புதிதல்லவே. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாரும் தூங்கும் நேரத்தில் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவதை எட்டு மணி நேரம் மாட்டிவைக்க ஒரு தேவையும் இல்லை.

புகையோ கருகல் வாடையோ வந்தால் முதலில் மெயின் சுவிட்ச். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகு பேட்டரி புகைந்துகொண்டிருந்தால் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம். சீறும் பேட்டரியைக் கையில் எடுத்து ஓட முயலாதீர்கள், அந்தப் புகையும் நச்சு. பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே கூட்டிவந்து 999-க்கு அழையுங்கள், தீயணைப்புப் படையான போம்பா வரும். கருகிய சாக்கெட்டை நீங்களே பிரிக்காமல் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். உப்பிப்போன அல்லது நனைந்த வேப்பைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம், குப்பை லாரிக்குள் நசுங்கினால் அங்கேயும் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டைக் கொண்டுவருவதே சட்டப்படி தடை. தமிழ்நாட்டுப் பயணத்தில் அதை எடுத்துப் போகாதீர்கள். வேறு நாட்டுக்குப் போனாலும், விமானத்தில் பெட்டிக்குள் போட்டு அனுப்பவும் கூடாது, பறக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது.

அக்கா வீட்டுச் சாக்கெட்டை வயர்மேன் மாற்றிக் கொடுத்துவிட்டார். பையன் இப்போது 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை ஹாலில் வைத்திருக்கிறான். சாயங்காலம் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது தரையில் வைத்துச் சார்ஜ் போடுகிறான். உங்கள் வீட்டில் யாராவது வேப் வைத்திருந்தால், இன்றிரவு படுக்கப் போகுமுன் அந்த அடாப்டரைக் கழற்றி முதுகைத் திருப்பிப் பாருங்கள். அதில் சிரிம், எஸ்டி சீட்டு இல்லையென்றால் மறுபடியும் சுவரில் மாட்டாதீர்கள்.